தலைமடையும் கடைமடையும்: உடற்கூறு படிக்கத் தொடங்கும் மாணவிக்கு

கேரள எல்லையில், பாறசாலைக்கு அந்தப் பக்கம் நர்சிங் முதலாண்டில் சேர்ந்திருக்கும் ஒரு மாணவி கேட்டிருக்கிறார். ஊர் குமரி மாவட்டத்தில் களியக்காவிளைப் பக்கம், பிளஸ் டூ வரை தமிழ் வழி. இப்போது புத்தகம் ஆங்கிலத்தில், டீச்சர் விளக்குவது மலையாளத்தில், மனதில் ஓடுவது தமிழில். "மீடியல், லேட்டரல், ப்ராக்ஸிமல் என்று மனப்பாடம் செய்கிறேன், இரண்டு நாளில் மறந்துவிடுகிறது. இடது வலதுகூடக் குழம்புகிறது. வீட்டில் பேசுகிற சொற்களை எல்லாம் மறந்துவிட்டுப் புதிதாகத் தொடங்க வேண்டுமா? என் தாத்தா வர்ம ஆசான். அவருக்குத் தெரிந்தது எனக்கு உதவுமா?"

மக்ளே, வீட்டுச் சொல் ஒன்றைக்கூட மறக்க வேண்டாம். எல்லையின் இரண்டு பக்கமும் நர்சிங் மாணவிகளுக்கு உடற்கூறு எடுத்தவள் நான். நீ சொல்லும் குழப்பம் எனக்கு நன்றாகத் தெரியும். அது மறதியால் வருவதில்லை. உடம்பு எப்படி நிற்கிறது என்று மனதில் நிறுத்தாமல் சொற்களை மட்டும் படிப்பதால் வருகிறது.

அதனால் முதலில் எழுந்து நில். நேராக, முகம் முன்னோக்கி, கால்கள் சேர்ந்து, கைகள் பக்கவாட்டில் தொங்க, உள்ளங்கை இரண்டும் முன்பக்கம் பார்க்க. கட்டைவிரல்கள் உடம்பைவிட்டு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். இதுதான் உடற்கூற்று நிலை. உன் புத்தகத்தில் இருக்கிற ஒவ்வொரு திசைச் சொல்லும் இப்படி நிற்கிற ஆளை வைத்துத்தான் எழுதப்பட்டிருக்கிறது. நோயாளி மலர்ந்து கிடந்தாலும், குப்புறக் கிடந்தாலும், கட்டிலில் சுருண்டு கிடந்தாலும் கணக்கு மாறாது. தலைப் பக்கம் எப்போதும் சுப்பீரியர், பாதப் பக்கம் எப்போதும் இன்ஃபீரியர். முகமும் வயிறும் உள்ள பக்கம் ஆன்டீரியர், முதுகுப் பக்கம் போஸ்டீரியர்.

உள்ளங்கையை ஏன் முன்னால் திருப்பச் சொல்கிறார்கள் என்று பெரும்பாலும் யாரும் விளக்குவதில்லை. முன்கையில் இரண்டு எலும்புகள் உண்டு. கட்டைவிரல் பக்கம் இருப்பது ரேடியஸ், தமிழ்ப் பாடப்புத்தகத்தில் ஆர எலும்பு. சுண்டுவிரல் பக்கம் இருப்பது அல்னா. உள்ளங்கை முன்னால் இருக்கும்போது இவை இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இணையாக நிற்கும். கையைத் திருப்பி உள்ளங்கையைப் பின்னால் கொண்டுபோனால் ரேடியஸ், அல்னாவின் மேல் குறுக்கே விழுந்துவிடும். உன் இடது கையால் வலது முன்கையைப் பிடித்துக்கொண்டு திருப்பிப் பார், எலும்பு நகர்வது விரலுக்குத் தெரியும். குறுக்காகக் கிடக்கும்போது எது உள்ளே எது வெளியே என்று சொல்ல முடியாது. அதற்காகத்தான் உள்ளங்கையை முன்னால் நிறுத்தி வைத்தார்கள்.

இடது வலது குழப்பத்துக்கு நம் ஊர் ஆறே பதில் சொல்லும். கோதையாற்றுப் பாசனத்தில் இடதுகரைக் கால்வாய் என்று கேள்விப்பட்டிருப்பாய். எந்தக் கரையில் நின்று பார்த்தால் அது இடது? நாம் எங்கே நின்றாலும் அது இடதுகரைதான். ஆறு ஓடுகிற திசையைப் பார்த்து ஆறே நடந்து போவதாக வைத்துக்கொண்டால், அதன் இடக்கைப் பக்கம் இடதுகரை. உடம்பும் அப்படித்தான். இடது என்றால் நோயாளியின் இடது. நீ எதிரே நின்று பார்க்கும்போது அது உன் வலக்கைப் பக்கம் இருக்கும். சி.டி. ஸ்கேன் படத்திலும் இதே கதை: நோயாளி மலர்ந்து கிடக்க, நாம் அவர் பாதத்தின் பக்கம் நின்று பார்ப்பது போல அந்தப் படம் அமைந்திருக்கும். அதனால் கல்லீரல் படத்தின் இடப்பக்கம் தெரியும். கல்லீரல் இடம் மாறிவிட்டதோ என்று முதலாண்டில் பயப்படாத மாணவி இல்லை.

மீடியல், லேட்டரல் இரண்டும் நடுக்கோட்டைப் பொறுத்தவை. உச்சியிலிருந்து மூக்கு, தொப்புள் வழியாக ஒரு நூல் தொங்குவதாக நினைத்துக்கொள். நூலை நெருங்கியது மீடியல், விலகியது லேட்டரல். கட்டைவிரல் லேட்டரல், சுண்டுவிரல் மீடியல். காலில் இது நேர்மாறு, பெருவிரல்தான் மீடியல். கை முன்னால் திரும்பி நிற்பதால் இப்படி என்பது பாதி பதில். மீதி பதில் கருவில் இருக்கிறது. கருவின் கை கால்கள் முளைத்து வளரும்போது கை வெளிப்புறமாகவும் கால் உட்புறமாகவும் திரும்புகின்றன. அதனால்தான் முழங்கை பின்னால் பார்க்கிறது, முழங்கால் முன்னால் பார்க்கிறது. இந்த ஒரு விஷயம் புரிந்தால் கால் தசைகளும் கை தசைகளும் ஏன் எதிரெதிர்ப் பக்கம் இருக்கின்றன என்பதும் பின்னால் தானாக விளங்கும்.

அடுத்து ப்ராக்ஸிமல், டிஸ்டல். பேச்சிப்பாறை அணைத் தண்ணீர் வருகிற வயல்காரர்களிடம் கேட்டால் தலைமடை, கடைமடை என்பார்கள். கால்வாய் தொடங்கும் இடத்துக்குப் பக்கம் தலைமடை, தண்ணீர் போய் முடியும் இடம் கடைமடை. கையும் காலும் உடம்பிலிருந்து கிளம்பிப் போகிற கால்வாய்கள். தோளுக்குப் பக்கம் ப்ராக்ஸிமல், விரல் நுனி டிஸ்டல். முழங்கை மணிக்கட்டுக்குத் தலைமடை, தோளுக்குக் கடைமடை. இந்தச் சொற்கள் தனியாக நிற்காது. எதைவிட என்று சொன்னால்தான் பொருள் முழுமையாகும். இது வெறும் பரீட்சைச் சமாச்சாரம் என்று நினைக்காதே. கையில் கட்டு இறுக்கமாகப் போட்டுவிட்டால் பாதிப்பு முதலில் கடைமடையில்தான் தெரியும். அதனால் மாவுக்கட்டு போட்ட நோயாளியின் விரல் நுனியைத் தொட்டுப் பார்க்கச் சொல்கிறோம்: நிறம், சூடு, உணர்ச்சி, அசைவு.

உடம்பை வெட்டிப் பார்க்கும் தளங்கள் மூன்று. இவற்றை எங்கள் வகுப்பில் தலைமுடியிலேயே சொல்லிக்கொடுப்பேன். நேர்வகிடு எடுத்தால் அது தலையை இடம் வலமாகப் பிரிக்கிறது. அதுதான் மிட் சாஜிட்டல் தளம். கோணவகிடு எடுத்தால் அது நடுவிலிருந்து விலகிய சாஜிட்டல். தோவாளைப் பிச்சிப்பூச் சரத்தை ஒரு காதிலிருந்து மறு காது வரை வைத்தால், அந்தக் கோடு உடம்பை முன் பாதி, பின் பாதி என்று பிரிக்கும். அது கொரோனல் தளம். கொரோனா என்றால் லத்தீனில் மகுடம், சாஜிட்டா என்றால் அம்பு. மண்டையோட்டில் எலும்புகள் சேரும் கோடுகளுக்கும் இதே பெயர்கள்தான். சாஜிட்டல் பொருத்து ஏறக்குறைய உன் நேர்வகிட்டின் அடியிலேயே ஓடுகிறது. மூன்றாவது டிரான்ஸ்வர்ஸ், அதாவது குறுக்குத் தளம். நெய்மீனைப் பொரிக்க வட்ட வட்டமாக வெட்டுவார்களே, நடுவில் முள்ளெலும்பு, சுற்றிச் சதை, ஓரத்தில் தோல். சி.டி. படம் ஒவ்வொன்றும் அப்படி ஒரு மீன் துண்டு என்று வைத்துக்கொள்.

சரி, திசை முடிந்தது. உன்னுடைய உண்மையான சிக்கல் அடுத்ததில்தான் இருக்கிறது. ஒரே உறுப்புக்கு மூன்று மொழிகளில் பெயர் இருப்பதைச் சமாளித்துவிடலாம். ஒரே சொல் மூன்று இடங்களில் மூன்று எல்லை காட்டுவதுதான் சிரமம்.

கை என்றால் நமக்குத் தோளிலிருந்து விரல் நுனி வரை. மலையாளத்திலும் அப்படியே. உடற்கூறு ஆங்கிலத்தில் ஆர்ம் என்றால் தோளிலிருந்து முழங்கை வரை மட்டும். அப்புறம் முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை ஃபோர்ஆர்ம், அதற்குக் கீழே ஹேண்ட். லெக் என்றால் முழங்காலிலிருந்து கணுக்கால் வரை மட்டுமே, மேலே உள்ளது தொடை. கேஸ் ஷீட்டில் லெக்கில் காயம் என்று எழுதினால் தொடையில் காயம் என்று யாரும் படிக்க மாட்டார்கள். நாம் 'கால்ல அடி' என்று சொல்லும்போது அது தொடையாகவும் இருக்கலாம், பாதமாகவும் இருக்கலாம்.

நடு என்ற சொல்லைப் பார். தமிழ்நாட்டின் மற்ற பகுதிகளில் நடு என்றால் மையம். நம் பக்கமும் கேரளத்திலும் 'நடு வலிக்குது' என்றால் இடுப்புக்கு மேலே முதுகின் கீழ்ப்பகுதி, அதாவது லம்பார் பகுதி. முதுகெலும்பில் கழுத்தில் 7, மார்புப் பகுதியில் 12, இந்த 'நடு'வில் 5 முள்ளெலும்புகள். அதற்குக் கீழே சேக்ரமாகச் சேர்ந்துவிட்ட 5, கடைசியில் வால் எலும்பாகச் சேர்ந்த 4, மொத்தம் 33. உடம்பின் பாரத்தில் பெரும்பகுதி அந்த ஐந்தின் மேல் விழுவதால் அவைதான் பருமனானவை. ரப்பர் பால் வெட்டுகிறவரும், தலையில் ஓலைக்கட்டு சுமப்பவரும் கையை வைத்துக் காட்டுவது சரியாக அந்த இடத்தைத்தான்.

சங்கு இன்னும் ஆபத்தானது. நம் ஊரில் சங்கு என்றால் தொண்டை, குரல்வளை. மலையாளத்தில் அதே சொல் நெஞ்சையும் இதயத்தையும் குறிக்கும். பல வருடங்களுக்கு முன் நான் வேலை பார்த்த ஓர் ஆஸ்பத்திரிக்கு விளவங்கோடு பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் வந்தார். "சங்குல குத்துது" என்றார். பணியில் இருந்தவர் வடக்கே இருந்து வந்த மலையாளி, நெஞ்சு வலி என்று எழுதிவிட்டார். ஈ.சி.ஜி. எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள், ஒரு மணி நேரம் போனது. நான் போய், "அப்பச்சி, ஒரு விரலால தொட்டுக் காட்டுங்க" என்றேன். கழுத்தைத் தொட்டார். மீன் முள். அவருக்குப் பெரிய கேடு ஒன்றும் வரவில்லை. ஆனால் அன்றிலிருந்து என் மாணவிகள் எல்லோருக்கும் சொல்வது இதுதான்: நோயாளி சொல்கிற சொல்லை அப்படியே எழுது, அவர் விரல் தொடுகிற இடத்தை உடற்கூறு மொழியில் எழுது. இரண்டும் வேண்டும். மலையாளம் மட்டும் தெரிந்தவருக்கும் சென்னைத் தமிழ் மட்டும் தெரிந்தவருக்கும் புரியாத இந்த இடம் உனக்குப் புரியும். 1956இல் எல்லைக்கோடு நெய்யாற்றின்கரைக்கும் விளவங்கோட்டுக்கும் நடுவில் விழுந்ததே தவிர, ஜனங்களின் பேச்சு அப்படிப் பிரியவில்லை. வார்டில் உன்னைத்தான் கூப்பிடுவார்கள்.

எல்லோரும் தடுமாறும் இன்னொரு சொல் வயிறு. வயிறு என்றால் இரைப்பையா, வயிற்றறை முழுவதுமா? அதற்காகத்தான் வயிற்றைத் தொப்புள் வழியாக ஒரு நெடுக்குக் கோடு, ஒரு குறுக்குக் கோடு போட்டு நான்காகப் பிரிக்கிறார்கள். வலது மேல் கால்பகுதியில் கல்லீரலும் பித்தப்பையும், இடது மேல் பகுதியில் மண்ணீரலும் இரைப்பையின் பெரும்பகுதியும், வலது கீழ்ப் பகுதியில் குடல்வால், அதாவது அப்பெண்டிக்ஸ். ஒன்பதாகப் பிரிக்கும் முறையும் உண்டு. அதில் நடுவரிசையை மட்டும் முதலில் பிடித்துக்கொள்: மேல்வயிறு எபிகாஸ்ட்ரியம், தொப்புளைச் சுற்றி அம்பிலிக்கல், அடிவயிறு ஹைப்போகாஸ்ட்ரியம். 1838இல் தொடங்கிய நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரியை உனக்குத் தெரியும். 1922இலும் 1924இலும் எவரெஸ்ட் ஏறப் போன ஹோவர்ட் சோமர்வெல் என்ற அறுவை மருத்துவர் அங்கே பல வருடம் வேலை செய்தார். நம் ஜனங்களின் மேல்வயிற்று வலிக்காக, அதாவது முன்சிறுகுடல் புண்ணுக்காக, அவர் செய்த ஆபரேஷன்கள் ஏராளம். பெரியவர்கள் இன்றும் அந்தப் பெயரை மரியாதையோடு சொல்வார்கள்.

ஆனால் வலிக்கிற இடமும் நோய் இருக்கிற இடமும் ஒன்று என்று மட்டும் எண்ணிவிடாதே. குடல்வால் அழற்சி பெரும்பாலும் தொப்புளைச் சுற்றி வலியாகத் தொடங்கி, பிறகுதான் வலது கீழ்ப்பக்கம் இறங்கும். மார்பையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானத்துக்கு அடியில் எரிச்சல் இருந்தால் தோள் நுனியில் வலி வரும். அந்த உதரவிதானத்துக்குப் போகும் ஃப்ரினிக் நரம்பு கழுத்திலிருந்து கிளம்புவதும், தோளின் தோலுக்கு வரும் நரம்புகள் அதே மட்டத்திலிருந்து வருவதும்தான் காரணம். மாரடைப்பு சிலருக்கு மேல்வயிற்று எரிச்சலாகவே வரும். 'கேஸ்தான், இஞ்சிச்சாறு குடித்தால் சரியாகும்' என்று வீட்டிலேயே இருந்துவிடுகிறவர்கள் நம் பக்கம் நிறைய. அதனால் 'மேல்வயிற்றில் வலி' என்று எழுது, 'இரைப்பை வலி' என்று எழுதாதே. முன்னது நீ பார்த்தது. பின்னது உன் ஊகம்.

இனி பெயர்கள். லத்தீன், கிரேக்கம் என்றதும் பயப்படுகிறாய். அந்த மொழிக்காரர்களும் நம்மைப் போலச் சமையலறையையும் வயலையும் பார்த்துத்தான் பெயர் வைத்தார்கள். முழங்கால் மூட்டின் முன்னால் உள்ள எலும்பு பட்டெல்லா. லத்தீனில் அதற்குச் சின்னத் தட்டு என்று பொருள். மலையாளத்தில் முட்டுச்சிரட்டை. சிரட்டை என்றால் என்னவென்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, தேங்காய் துருவின பிறகு வீட்டில் மிஞ்சுவதுதான். ரோமானியன் தட்டைப் பார்த்தான், நம் ஆட்கள் சிரட்டையைப் பார்த்தார்கள், எலும்பு ஒன்றே. தசைக்கு மஸ்குலஸ் என்றால் குட்டி எலி. தோலுக்கடியில் எலி ஓடுவது போல அசைகிறதாம். நாம் கெண்டைக்கால் என்கிறோம், நமக்கு அது கெண்டை மீனாகத் தெரிந்திருக்கிறது. பெல்விஸ் என்றால் அகன்ற பாத்திரம், காக்லியா என்றால் நத்தை. ஒவ்வொரு பெயரிலும் யாரோ ஒருவர் கண்ட ஒரு பொருள் இருக்கிறது. அதைக் கண்டுபிடித்துவிட்டால் மறக்காது.

நீளமான பெயர்கள் இன்னும் எளிது, அவை முகவரிகள். ஸ்டெர்னோக்ளைடோமாஸ்டாய்ட் என்ற கழுத்துத் தசையை உடைத்துப் பார்: ஸ்டெர்னம் மார்பெலும்பு, க்ளைடோ காறை எலும்பு, மாஸ்டாய்ட் காதுக்குப் பின்னால் உள்ள எலும்பு முனை. எங்கிருந்து கிளம்பி எங்கே போய்ச் சேருகிறது என்பது பெயரிலேயே எழுதியிருக்கிறது. தலையை வலப்பக்கம் திருப்பிக் கண்ணாடியில் பார், இடது கழுத்தில் கயிறு போல் எழும்பி நிற்கும். ஒரே ஒரு இடத்தில் மட்டும் கவனம்: இலியம் என்று இரண்டு உண்டு, தமிழில் எழுதினால் வேறுபாடே தெரியாது. ஆங்கிலத்தில் நடுவில் 'ஈ' (e) எழுத்து வந்தால் சிறுகுடலின் கடைசிப் பகுதி, 'ஐ' (i) எழுத்து வந்தால் இடுப்பெலும்பு. இதை எழுத்தாகவே படித்துக்கொள்.

தமிழில் இதையெல்லாம் படிக்க முடியுமா என்று யாராவது உன்னிடம் கேட்டால், முடிந்திருக்கிறது என்று சொல். 1847இல் யாழ்ப்பாணம் வந்த சாமுவேல் ஃபிஸ்க் கிரீன், மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார், உடற்கூறு நூல்களைத் தமிழில் கொண்டுவந்தார். நீ பரீட்சையை ஆங்கிலத்தில் எழுதித்தான் ஆக வேண்டும். ஆனால் புரிந்துகொள்வதை எந்த மொழியில் வேண்டுமானாலும் செய்.

கடைசியாகத் தாத்தா. உடற்கூற்றில் ஓர் இடத்தைச் சொல்வதற்கு முதலில் தோலுக்கடியில் கைக்குத் தட்டுப்படும் எலும்பைப் பிடிக்கிறோம், அங்கிருந்து அளக்கிறோம். குடல்வால் வலியைச் சோதிக்கும் மெக்பர்னி புள்ளியை எடுத்துக்கொள்: வலது இடுப்பெலும்பின் முன்முனையிலிருந்து தொப்புள் வரை கோடு போட்டு, எலும்பிலிருந்து மூன்றில் ஒரு பங்கு தூரம். ஈ.சி.ஜி.யில் வி-4 என்ற மின்முனையை ஒட்டுவதும் இப்படித்தான். மார்பெலும்பின் மேற்பகுதியில் ஒரு சின்ன மேடு தட்டுப்படும், அதன் பக்கத்தில் இரண்டாம் விலா, அங்கிருந்து எண்ணி ஐந்தாம் இடைவெளிக்கு வா, இடது காறை எலும்பின் நடுவுக்கு நேர் கீழே ஒட்டு. பிட்டத்தில் ஊசி போடும்போது மேல்-வெளிக் கால்பகுதி என்று சொல்வதும் சயாட்டிக் நரம்பைத் தவிர்க்கத்தான். ஆசான்களும் எலும்பைத் தொட்டு, விரற்கடைக் கணக்கில் அளந்துதான் இடம் சொல்கிறார்கள். கைக்கு வந்த அந்தப் பழக்கம் உன் வீட்டிலேயே இருக்கிறது.

அதற்காக அவர்கள் சொல்லும் வர்மப் புள்ளிகள், அதாவது 12 படுவர்மம், 96 தொடுவர்மம், ஒவ்வொன்றும் ஒரு நரம்பு அல்லது ரத்தக்குழாய் என்று பொருத்திப் பார்க்க முயலாதே. அவை வேறொரு கணக்கில் பிறந்தவை, விடைத்தாளில் கலக்கக் கூடாது. சில இடங்களில் இரண்டு அறிவும் பக்கத்தில் வந்து நிற்கும், அவ்வளவுதான். நெற்றிப்பொட்டில், அதாவது கண்ணுக்கும் காதுக்கும் நடுவில், அடிக்கக் கூடாது என்பார்கள். மலையாளத்தில் அந்த இடம் சென்னி. மண்டையோட்டின் நான்கு எலும்புகள் அங்கே சேருகின்றன, எலும்பு மெலிந்தது, உள்ளே மூளையுறைக்கு ரத்தம் கொண்டுபோகும் நடு மெனிஞ்சியல் தமனியின் முன்கிளை ஓடுகிறது. அங்கே பலமாக அடிபட்டால் அது கிழிந்து மூளையுறைக்கு வெளியே ரத்தம் தேங்கும்.

ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு வரும்போது தாத்தாவின் முன்னால் உட்கார். அவர் உன் உடம்பில் ஓர் இடத்தைத் தொட்டு அவருடைய பெயரைச் சொல்லட்டும். நீ உடற்கூறு மொழியில் முகவரி சொல். புருவ மத்தியில் தொட்டுத் திலர்த காலம் என்பார். நடுக்கோட்டின் மேல், மூக்கின் அடிக்குச் சுப்பீரியர், நெற்றி எலும்பின் மேல் என்று சொல். கண்ணின் வெளி ஓரத்தைத் தொட்டு நட்சத்திர காலம் என்பார். கண்ணுக்கு லேட்டரல், காதுக்கு ஆன்டீரியர், மீடியல் என்று சொல். நோட்டில் நான்கு பத்தி போட்டுக்கொள்: வீட்டுச் சொல், மலையாளம், ஆங்கிலம், திசையோடு கூடிய முகவரி. ஒரு வாரத்துக்குப் பத்து இடம் போதும். நான்காவது பத்தியைப் புத்தகம் பார்த்து எழுதாதே, உன் உடம்பைத் தொட்டுப் பார்த்து எழுது.